கால் எங்க இரிக்கி, மகள்

என் கணவர் றவூபுக்கு வஸ்வாஸ் பிடித்துவிட்டதென்று முதலில் கண்டுபிடித்தவர் கலந்தர் காக்கா. எங்கள் பகுதியில் யாருக்கு எது பிடித்தாலும் முதலில் தெரிவது அவருக்குத்தான். பள்ளிவாசலுக்கு எதிரே கடை வைத்திருக்கிறார். அங்கே அரிசி, சீனியைவிட ஊர்ப் புதினம்தான் கூடுதலாகப் போகும்.

வஸ்வாஸ் என்பது மனதுக்குள் ஷைத்தான் போடுகிற சந்தேகம். தொழுகைக்கு முன் வுழூச் செய்யும்போது கை கழுவினேனா, கால் நனைந்ததா என்று நிச்சயம் வராது. கழுவியதையே திரும்பத் திரும்பக் கழுவ வைக்கும். றவூபும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தார். தண்ணீர்த் தொட்டியின் ஓரத்தில் குந்தி வலக்காலைக் கழுவுவார், இடக்காலைக் கழுவுவார், எழும்பி இரண்டடி நடப்பார், நின்று குனிந்து காலைப் பார்ப்பார், திரும்பி வந்து மறுபடியும் குந்துவார்.

"றவூப் கால் கழுவி முடிக்கிறதுக்குள்ள இமாம் ஸலாம் குடுத்துத் தொழுகைய முடிச்சுப்போடுவார்," என்று கடைக்குப் போன என்னிடமே கலந்தர் காக்கா சொன்னார். "பள்ளித் தொட்டி வத்திச்செண்டா ஆரைக் கேக்கணும் எண்டு தெரியும்."

"அவர் உங்கட கிணத்துத் தண்ணியில கழுவல்லதானே காக்கா," என்று சொல்லிவிட்டு வந்தேன். வாய் அப்படிச் சொன்னாலும் மனது கேட்கவில்லை. வீட்டுக் குழாயடியிலும் அவர் அப்படித்தான் நின்றார். நான் அதைக் கண்டும் காணாமல் இருந்திருக்கிறேன்.

அந்த நாட்களில் எங்கள் வீட்டில் வேறு குறையே இருக்கவில்லை. றவூப் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். கடற்கரை வீதிப் பிள்ளைகளைக் காலையில் கல்முனைக்கு ஏற்றிப் போய்ப் பகலில் கொண்டுவந்து இறக்குவார். எங்கள் மகள் மின்ஹா மூன்றாம் வகுப்பு. அவள் முன் சீட்டில், வாப்பாவுக்குப் பக்கத்தில் இருப்பாள். அந்த இடத்தை வேறு பிள்ளைக்கு விடமாட்டாள்.

அதற்கு முந்திய வருடம் முழுக்க மூட்டுவாதம் அவரைப் படுத்திய பாட்டை நான்தான் அறிவேன். விரல் மூட்டெல்லாம் வீங்கி, விடியற்காலையில் கை விரியவே விரியாது. சட்டைக்குப் பொத்தான் போடுவது நான், ரொட்டியைப் பிய்த்துக் கொடுப்பது நான். வேனில் அவர் ஏறி இருந்த பிறகு முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு போய்ச் சாவியைத் திருப்பிவிடுவதும் நான்தான். உள்ளங்கைகளால் ஸ்டியரிங்கை அணைத்துப் பிடித்துக்கொண்டு போவார். வேன் மறையும்வரை நான் பின்னால் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

பிறகு கிளினிக்கில் டொக்டர் பவிதரன் ஒரு புதிய குளிசை எழுதினார். நாளைக்கு ஒன்று. இரண்டு மாதம் போவதற்குள் வீக்கம் வடிந்து விரல்கள் விரிந்தன. ஒரு நாள் ஊறுகாய்ப் போத்தலின் மூடியை, நான் துணி வைத்துத் திருகியும் அசையாத மூடியை, அவர் வாங்கித் திறந்து கையில் தந்துவிட்டுப் போனார். நான் குசினியில் நின்று அழுதேன். அந்தக் குளிசை டப்பாவை முத்தமிட்டிருக்கிறேன் என்று சொன்னால் யாரும் சிரிக்கட்டும், எனக்கு வெட்கமில்லை.

குளிசை எழுதிய அன்றே டொக்டர் சில குறிகளைச் சொல்லி, எது வந்தாலும் உடனே வரச் சொல்லியிருக்கிறார். கண் மஞ்சளாவது, காய்ச்சல் விடாமல் அடிப்பது, கை கால் மரத்துப்போவது. றவூப் வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னது கண்ணை மட்டும்தான். மற்றவை கல்முனைச் சந்தியிலேயே மறந்துவிட்டனபோலும். நான் விடிந்ததும் அவரை வாசலுக்கு இழுத்துக்கொண்டு போய், கீழ் இமையை விரலால் விலக்கி வெளிச்சத்தில் பார்ப்பேன். வெள்ளை வெளேரென்று இருக்கும். அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விடுவேன்.

கலந்தர் காக்காவின் வாயை அடைப்பதற்காகத்தான் அவரை மௌலவியிடம் போய்க் கதைக்கச் சொன்னேன். மௌலவி பொறுமையான மனிதர். றவூப் தன் மனக்குறையைச் சொன்னார். கழுவிய கால் நனையவில்லை என்று மனது சொல்லிக்கொண்டே இருக்கிறது என்றார். மௌலவி மார்க்கத்தில் உள்ளதைத்தான் சொன்னார். வஸ்வாஸைக் கணக்கில் எடுக்காமல் விடுவதுதான் அதற்கு மருந்து.

"கழுவினதக் கண்ணால கண்டீங்கதானே? அதோட முடிஞ்சிது," என்றாராம். "நனையல்ல எண்டு மனசு சொன்னாச் சொல்லிட்டுப் போகட்டும். நீங்க திரும்பிப் பாக்காம எழும்பித் தொழப் போங்க."

மௌலவியில் ஒரு குற்றமும் இல்லை. அவரிடம் போனது மனதைப் பற்றிய கதை. காலைப் பற்றிய கதை அவரிடம் போகவே இல்லை. தண்ணீர் பட்டும் படாததுபோல இருப்பதை மனதின் கோளாறு என்றுதான் றவூபும் நம்பினார், நானும் நம்பினேன்.

சொன்னபடி செய்கிறவர் என் கணவர். காலைக் கழுவியதும் எழும்பி விறுவிறுவென்று நடந்துவிடுவார். ஒரு வாரத்தில் கலந்தர் காக்காவுக்குச் சொல்ல ஒன்றும் இல்லாமல் போயிற்று. "ஷைத்தானை விரட்டிட்டன் புள்ள," என்று றவூப் சிரித்தார். நானும் சிரித்தேன். கால் ஏதும் சொல்லாவிட்டால் அதைக் கவனிக்கக்கூடாது என்று அந்த மனிதர் தன்னைப் பழக்கிக்கொண்டிருந்தார், அதைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டேன்.

சித்திரை மாதம் ஒரு பகல், இருவரும் மீன் வாங்கக் கடற்கரைக்குப் போனோம். கரைவலை இழுத்துக் கீரி மீனைக் குவித்திருந்தார்கள். அந்த நேரத்து மணலில் செருப்பில்லாமல் யாராலும் கால் வைக்க முடியாது. நான் செருப்போடும் நிற்க முடியாமல் ஒரு தோணியின் நிழலைத் தேடிப் போனேன். திரும்பிப் பார்த்தால் றவூபின் செருப்பு ஒன்று வழியில் கிடக்கிறது. மற்றது இன்னும் கொஞ்சம் தள்ளிக் கிடக்கிறது. அவர் அதற்கும் அப்பால், வெறும் மணலில், பாயில் நிற்பதுபோல நின்று பேரம் பேசிக்கொண்டிருந்தார்.

"இஞ்ச பாருங்க, கால் சுடல்லையா?" என்றேன்.

அவர் குனிந்து பார்த்தார். செருப்பு இல்லை என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. "பெரிய சூடெண்டு இல்லையே," என்றார்.

வலை இழுத்தவர்கள் சிரித்தார்கள். "றவூப் காக்காட கால் இரும்பு," என்றான் ஒருவன். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இரவுச் சாப்பாட்டுக்கு முன்னர் பார்த்தால் இரண்டு உள்ளங்காலிலும் கொப்புளம். ஊசியைச் சுட்டு எடுத்துக் குத்தி நீரெடுத்தேன். ஊசி கொஞ்சம் ஆழமாகவே போய்விட்டது, இரத்தம் வந்தது. நான் பதறிப்போய் முகத்தைப் பார்த்தேன். அவர் போனில் ஏதோ வாசித்துக்கொண்டிருந்தார். ஊசி போனதே அவருக்குத் தெரியாது.

எனக்கு முதன்முதல் பயம் பிடித்தது அப்போதுதான். "இது நல்லதுக்கில்ல. டொக்டர்ட்டக் காட்டணும்," என்றேன்.

"நோவுக்குக் குடிக்கிற குளிசைதானே புள்ள. கையில நோவை எடுத்தது காலிலயும் எடுத்திருக்கும்," என்றார். "கிளினிக் நாள் வரட்டும், கேப்பம்."

கேட்க நியாயம்போலத்தான் இருந்தது. ஆனால் அன்றிலிருந்து அவருடைய காலைப் பார்க்கத் தொடங்கினேன். அடியெடுத்து வைக்கும்போது பாதத்தைச் சப்பென்று போட்டார். படியில் இறங்கும்போது கண் நிலத்தை விட்டு எழவில்லை. ஒரு நாள் சீமெந்துத் தரையெல்லாம் வட்ட வட்டமாக இரத்தம். குசினியிலிருந்து அறைக்கு, அறையிலிருந்து வாசலுக்கு. வீட்டில் யாரையோ வெட்டிவிட்டார்கள் என்று நினைத்து ஓடினேன். அவர் வாசலில் நின்று வேனைத் துடைத்துக்கொண்டிருந்தார். குதிக்காலில் உடைந்த கண்ணாடித் துண்டு ஏறியிருந்தது.

அப்போதும் கிளினிக் நாள் வரட்டும் என்றார். நானும் வேனை நினைக்கவில்லை. நடக்கிற காலைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். வேனையும் அந்தக் கால்தான் ஓட்டுகிறது என்பதை எனக்கு உணர்த்தியது மின்ஹா.

வெள்ளிக்கிழமை பின்னேரம் அவள் கதிரைகளை வரிசையாகப் போட்டு வேன் விளையாடிக்கொண்டிருந்தாள். பொம்மைகள் பின்னால், அவள் முன்னால். நான் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தேன். அவள் வாப்பாவின் குரலைப்போலத் தடித்த குரலில், "கால் எங்க இரிக்கி, மகள்?" என்றாள். பிறகு தன் குரலில், "பிரேக்ல வாப்பா," என்றாள். மறுபடியும் தடித்த குரல், "இப்ப?" தன் குரல், "இப்ப எக்ஸலேட்டர்ல."

"அதென்ன விளையாட்டு, மகள்?" என்று கேட்டேன்.

"வாப்பாட விளையாட்டு. முன் சீட்டுல இரிக்கிற ஆள்தான் பாத்துச் சொல்லணும். அவர் ரோட்டப் பாக்கணும்தானே உம்மா, ரெண்டையும் பாக்க ஏலாதாம்." பெருமையோடு சொன்னாள். "நான் ஒரு நாளும் பிழையாச் சொல்லவே இல்ல."

மடித்த உடுப்பை அப்படியே போட்டுவிட்டு எழும்பினேன். பயத்தைவிடக் கோபம்தான் பெரிதாக வந்தது. பயம் அதற்குப் பின்னால் வந்து நின்றது. அசர் தொழுதுவிட்டு வந்த மனிதரை வாசலிலேயே மறித்தேன்.

"அந்தப் புள்ளைய வெச்சா வேன் ஓட்டுறீங்க?"

அவர் படியில் உட்கார்ந்தார். கைகளை விரித்து, அந்த விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"குளிசைய நிப்பாட்டச் சொல்லுவாங்க," என்றார் கடைசியில். "கை திரும்பியும் மடங்கிப் போகும். நீ மறுகாப் பொத்தான் போட்டு விடணும்."

"போட்டு விடுறன். அதுக்கென்ன?"

"வேன் ஓடாட்டி நான் இஞ்ச என்ன ஸுஹைறா? வீடு ஒனக்கு உம்மா வாப்பா தந்தது. வளவு ஒன்ட. கிணறு ஒன்ட. என்ட எண்டு சொல்ல அந்த வேன் மட்டும்தான் நிக்கிது."

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். ஆண்கள் கல்யாணம் முடித்து மனைவி வீட்டுக்கு வருகிறார்கள், ஒருவரும் அதைப் பெரிதாகக் கதைப்பதில்லை. இத்தனை வருடமாக அவர் மனதில் அப்படியொன்று கிடந்தது எனக்குத் தெரியாது. மனது இளகிவிட்டது, உண்மையைச் சொல்கிறேன். ஆனாலும் மறுநாளே அவரை இழுத்துக்கொண்டு டொக்டரிடம் போனேன்.

டொக்டர் பவிதரன் அவரைக் கட்டிலில் படுக்கவைத்துக் கண்ணை மூடச் சொன்னார். பஞ்சால் காலைத் தொட்டு, "இப்ப தெரியுதா?" என்றார். "ஓம்," என்றார் றவூப். ஊசி நுனியால் தொட்டார். "இப்ப?" "ஓம்." பெருவிரலைப் பிடித்து மேலே தூக்கி, "மேலயா கீழயா?" என்றார். "கீழ," என்றார் றவூப். பிறகு டொக்டர் தன் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். ஒன்றையும் தொடவில்லை. "இப்ப தெரியுதா?" என்று கேட்டார்.

"ஓம்," என்றார் என் கணவர், கண்ணை இறுக்க மூடிக்கொண்டு. "நல்லாத் தெரியுது."

டொக்டர் என்னைப் பார்த்தார். எனக்கு அந்தக் கட்டிலில் தலையை முட்டிக்கொண்டு அழலாம்போல இருந்தது.

"இந்தக் குளிசை சில பேருக்கு நரம்பைத் தாக்கும்," என்றார் டொக்டர். "இண்டைக்கே நிப்பாட்டுங்க. ஆனா நிப்பாட்டினாலும் லேசில உடம்பை விட்டுப் போகாது. அதை வெளியேத்த ஒரு தூள் எழுதித்தாறன். கால் திரும்பி வர மாதக்கணக்குப் பிடிக்கலாம். முழுசா வராமலும் போகலாம். அதுவரைக்கும் வாகனம் தொடக்கூடாது. ஒரு நாளைக்கும் கூடாது."

"ஓம் டொக்டர்," என்றார் றவூப்.

அவர் வீட்டுக்கு வந்ததும் தானாகவே மிஹ்லாருக்குப் போன் எடுத்தார். மிஹ்லார் வாடகை வேன் ஓட்டுகிற இளைஞன், நல்ல பெடியன். திங்கள் காலை வந்து சாவியை எடுத்துக்கொண்டு பிள்ளைகளை ஏற்றிப் போவதாகப் பேச்சு. றவூப் சாவியை வாசல் ஆணியில் தன் கையாலேயே தொங்கவிட்டார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "அல்லாஹ் வேற வழி காட்டுவான்," என்றேன். தலையை ஆட்டினார்.

திங்கள் காலை அவர் சுபஹுத் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குப் போனவர் வீட்டுக்குள் வரவில்லை. தன் வேனை இன்னொருவன் எடுத்துக்கொண்டு போவதைப் பார்க்க மனமில்லாமல் பள்ளியிலேயே இருக்கிறார் என்று நினைத்தேன். தனியே விட்டால்தான் ஆறும் என்று நினைத்தேன். மின்ஹாவுக்குச் சப்பாத்துப் போட்டுத் தலை கட்டிக்கொண்டிருக்கும்போதே வாசலில் வேன் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. இஞ்சின் ஸ்டார்ட்டானது.

அந்நிய ஆண் வாசலில் நிற்கிறான். நான் குசினியில் வேலை செய்த கோலத்தில், தலையில் முக்காடும் இல்லாமல் நிற்கிறேன். அதனால் திரைச்சீலைக்கு இந்தப் பக்கமே நின்று மின்ஹாவின் பையைத் தோளில் மாட்டி, நெற்றியில் முத்தமிட்டு, "மிஹ்லார் மாமாவோட கவனமாப் போங்க, மகள்," என்று வெளியே அனுப்பினேன். அவள் திரையை விலக்கிக்கொண்டு ஓடினாள். றவூப் புறப்படும்போது இரண்டு தரம் ஹோன் அடிப்பார். அன்று ஹோன் சத்தம் இல்லை. மிஹ்லார் மரியாதை தெரிந்த பிள்ளை, விடியற்காலையில் ஊரை எழுப்பவில்லை என்று நினைத்துக்கொண்டு ரொட்டியைத் திருப்பிப் போட்டேன்.

மிஹ்லார் முந்திய நாளே போன் எடுத்திருக்கிறான். கட்டுநாயக்கா எயர்போட்டுக்கு ஓர் அவசரப் பயணம் வந்துவிட்டது, செவ்வாயிலிருந்து வருகிறேன் என்று சொல்லியிருக்கிறான். போனை எடுத்தது றவூப். சரி தம்பி, நான் பாத்துக்கொள்றன் என்றாராம். என்னிடம் சொல்லவில்லை.

அடுத்த போன் எனக்கு வந்தது. கலந்தர் காக்கா. அந்த மனிதரின் குரல் அப்படி நடுங்கி நான் கேட்டதே இல்லை. "தங்கச்சி, ஒரு ஓட்டோ பிடிச்சு ஆஸ்பத்திரிக்கு வாங்க. மகளுக்கு ஒண்டுமில்ல. உங்கட ஆளுக்கும் ஒண்டுமில்ல."

எங்களுக்கு ஒன்றுமில்லை என்றால் யாருக்கு என்று கேட்காமலே அபாயாவை எடுத்துப் போட்டுக்கொண்டு ஓடினேன்.

கடற்கரை வீதி முனையில் ஏறுகிற பிள்ளை டிலக்சினி. மெதடிஸ்ட் கோயிலுக்குப் பக்கத்து வீடு. அவளுடைய அப்பா நேசரட்ணம் ஒவ்வொரு நாளும் அவளுடைய பையைத் தன் தோளில் போட்டுக்கொண்டு, கையைப் பிடித்தபடி தெரு ஓரத்தில் நிற்பார். வேன் வந்து அவர்களுக்கு முன்னால் நிற்க வேண்டும். நிற்கவில்லை. மதிலில் போய்த்தான் நின்றது. நேசரட்ணம் பிள்ளையை இழுத்திருக்கிறார். உடம்பு வந்துவிட்டது, ஒரு கால் வேனுக்கும் மதிலுக்கும் நடுவில் அகப்பட்டுவிட்டது.

நான் போனபோது அவளைச் சத்திரசிகிச்சைக்குக் கொண்டுபோயிருந்தார்கள். உயிருக்குப் பயமில்லை, காலைத்தான் பார்க்க வேண்டும் என்றார்கள். நேசரட்ணம் சுவரோடு நின்றார். டிலக்சினியின் பை இன்னும் அவர் தோளில் கிடந்தது. நான் கிட்டப் போனேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. மன்னிச்சுக்கொள்ளுங்க என்ற வார்த்தையை வாயில் வைத்துக்கொண்டு நின்றேன், அது வெளியே வரவில்லை.

றவூப் மறுபக்க வாங்கில், ஒரு பொலிஸ்காரருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். வலது காலில் செருப்பில்லை. பெருவிரல் நகம் பிய்ந்து தரையில் இரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்க்கவே இல்லை. தாதி ஒருத்தி குனிந்து துணி சுற்றும்போதுதான் அங்கே கால் இருக்கிறதென்று திடுக்கிட்டார். "ஒரு நாள்தானே எண்டு நினைச்சன் புள்ள," என்றார் என்னிடம். "ஒரே ஒரு நாள்." அடிக்க வேண்டும்போலவும் கட்டிப்பிடித்து அழ வேண்டும்போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. அவரைத் தாண்டிப் போனேன்.

மின்ஹா தாழ்வாரத்தின் கோடியில் கலந்தர் காக்காவின் மடியில் இருந்தாள். உடம்பில் ஒரு கீறல் இல்லை. என்னைக் கண்டதும் இறங்கி வந்து என் அபாயாவுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். நான் கீழே குந்தி அவளை அணைத்தேன். அவளுடைய நெஞ்சு என் நெஞ்சில் அடித்தது.

"உம்மா, நான் சரியாத்தான் சொன்னன்," என்றாள் என் காதுக்குள். "பிரேக்ல இல்ல வாப்பா, பிரேக்ல இல்ல எண்டு சொன்னன். வாப்பா ஓம், ஓம் எண்டார்."

"உங்கள்ள பிழை இல்ல, மகள். ஒண்டுமே உங்கள்ள பிழை இல்ல."

அவள் முகத்தை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். நான் சொன்னதை அவள் நம்பவில்லை. எங்கோ தான் தவறவிட்டதைத் தேடுகிற கண் அது.

"கொஞ்சம் பிந்திட்டன்போல," என்றாள். "அடுத்த முறை முந்திச் சொல்றன், உம்மா."